இன்சுலின் மாறினால் எதெல்லாம் மாறும்?

(சர்க்கரை நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் நடத்தப்பட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில், அரசு மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு நான் பேசப் போவது ஒரே ஒரு விஷயம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு டாக்டர் சில நேரம் மருந்தை மாற்றி எழுதுவார். அதிலும் நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலினை மாற்றுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. சீட்டில் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வருகிறது. வீட்டில் என்ன நினைக்கிறோம்? "கம்பெனி மாறியிருக்கு, அவ்வளவுதான்." அப்படி நினைத்துக்கொண்டு பழைய ஊசியில், பழைய பழக்கத்தில், புது மருந்தைப் போட்டுக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயரோடு சேர்ந்து மருந்தின் அடர்த்தி மாறியிருக்கலாம், அதற்கான ஊசி மாறியிருக்கலாம், யூனிட் மாறியிருக்கலாம், போடுகிற வேளை மாறியிருக்கலாம். பாட்டிலுக்குள் மருந்து தெரிகிற விதமே மாறியிருக்கலாம். எது மாறியது, எது மாறவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் மருந்து வாங்கும் ஜன்னலை விட்டு நகரக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில், இந்த நீண்ட நேர இன்சுலின் எதற்கு? சாப்பிட்டால்தானே சர்க்கரை ஏறும் என்று கேட்பீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தவருக்குக் காலையில் வெறும் வயிற்றில் 220 காட்டுகிறது. அது எங்கிருந்து வந்தது? கல்லீரலில் இருந்து. நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டுமே என்று கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். சர்க்கரை நோய் இல்லாதவர் உடம்பில், அதற்கு ஈடாக இன்சுலினும் தூறல் மாதிரி நாள் முழுக்கச் சுரக்கும். நமக்கு அந்தத் தூறல் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த ஊசி.

1922-ல் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போட்டபோது, அந்த மருந்து சில மணி நேரம்தான் வேலை செய்தது. அதனால் ஒரு நாளைக்குப் பல ஊசி தேவைப்பட்டது. 1936-ல் டென்மார்க்கில் ஹாகெடோர்ன் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும், புரோட்டமைன் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால் அது தோலுக்கடியில் மெதுவாகக் கரைகிறது என்று கண்டார்கள். அதைத் திருத்தி 1946-ல் உருவாக்கியதுதான் என்.பி.எச். அந்த 'எச்' அவர் பெயரின் முதல் எழுத்து. நம்ம ஆஸ்பத்திரியில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு பாட்டில் கொடுக்கிறோமே, அதுதான். முக்கால் நூற்றாண்டு தாண்டியும் உழைத்துக்கொண்டிருக்கிற மருந்து. அதில் ஒரு குறை மட்டும் உண்டு. அது சீரான தூறலாக இருக்காது; போட்ட 4 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, உச்சிக்குப் போய், அப்புறம் இறங்கும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் நடுராத்திரிக்கு மேல் அதன் வேகம் கூடும். அந்த நேரத்தில் நாம் தூங்கிக்கொண்டிருப்போம். வயிற்றில் ஒன்றும் இருக்காது. சட்டை நனைய வேர்த்து, நெஞ்சு படபடத்து, இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே சிலர் இருப்பீர்கள்.

2000-க்குப் பிறகு பயன்பாட்டுக்கு வந்த கிளார்ஜின் வேறு வழியில் வேலை செய்கிறது. பாட்டிலில் அமிலத்தன்மையோடு தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் அமிலத்தன்மை போய் மிக நுண்ணிய துகள்களாக உறையும். அந்தத் துகள்கள் மெல்ல மெல்லக் கரைந்து ஏறக்குறைய 24 மணி நேரம் ஈடுகொடுக்கும். பெரிய உச்சி கிடையாது. டெக்லுடெக் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு நாளையும் தாண்டி வேலை செய்யும். டெடெமிர் என்று ஒன்று இருந்தது. தயாரித்த நிறுவனமே அமெரிக்காவில் 2024 கடைசியோடு அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. அங்கே அதைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேறு மருந்துக்கு மாற வேண்டி வந்தது. நோய் முற்றியதால்தான் மாற்றுவார்கள் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சரக்கு வராததால் மாற்றுவார்கள். ராத்திரியில் சர்க்கரை இறங்குகிறது என்று மாற்றுவார்கள். தனியாக இருக்கிற பாட்டிக்கு ஊசி போட மகள் ஒரு வேளைதான் வர முடியும் என்பதற்காகவும் மாற்றுவார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதியது வந்ததால் பழையது மட்டம் என்று ஆகாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வருவதில்லை. ராத்திரியில் சர்க்கரை இறங்குவது குறைகிறது என்பதுதான் கிளார்ஜினின் முக்கிய லாபம். அந்தத் தொந்தரவு இல்லாமல், என்.பி.எச். போட்டுக்கொண்டு வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் மாறினார் என்பதற்காக மாற வேண்டியதில்லை.

சரி, மாற்றி எழுதியாகிவிட்டது. இப்போது பாட்டிலைக் கையில் எடுங்கள். அதன் மேல் 40 என்று போட்டிருக்கிறதா, 100 என்று போட்டிருக்கிறதா? இதை நான் இன்றைக்கு நான்கு தடவை சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். 40 என்றால் ஒரு மில்லியில் 40 யூனிட். 100 என்றால் அதே ஒரு மில்லியில் 100 யூனிட். அரசு மருத்துவமனையில் பாட்டிலில் கிடைக்கிற இன்சுலின் பெரும்பாலும் 40. கிளார்ஜின் பெரும்பாலும் 100. ஊசியும் அதற்கேற்ப இரண்டு வகை. சிவப்பு மூடி போட்டது 40-க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு.

இப்போது கணக்கைப் பாருங்கள். டாக்டர் கிளார்ஜின் 20 யூனிட் எழுதியிருக்கிறார். பாட்டில் 100. வீட்டில் இருப்பதோ பழைய சிவப்பு மூடி ஊசி. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால், அரை மில்லி மருந்து உள்ளே வந்துவிடும். அரை மில்லி என்றால் இந்தப் பாட்டிலில் 50 யூனிட். இருபதுக்குப் பதில் ஐம்பது! இரண்டரை மடங்கு. அதுவும் ஒரு நாள் முழுக்க வேலை செய்கிற மருந்து. கோடு சரி, கை சரி, எழுதியது சரி. ஆனாலும் ஆளை ஐ.சி.யூ.வில் சேர்க்க வேண்டி வரும். தலைகீழாகவும் நடக்கும். 40 பாட்டிலை ஆரஞ்சு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை 300, 350 என்று ஏறும். "இந்த மருந்து எனக்குச் சேரலை" என்று வருவார்கள். மருந்து சேராமல் இல்லை, ஊசிதான் சேரவில்லை.

அதனால் பாட்டில் 100-க்கு மாறினால், வீட்டில் மிச்சமிருக்கிற சிவப்பு மூடி ஊசிகளை அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். வேறு இன்சுலின் இன்னும் 40 பாட்டிலில் ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பாட்டிலோடு சேர்த்து ஒரு டப்பாவில் தனியாக வையுங்கள். பேனா ஊசியில் இந்தக் குழப்பம் இல்லை. திருகும்போது காட்டுகிற எண்ணே யூனிட்தான். ஆனால் பேனா கெட்டுப்போச்சு என்று அதன் கார்ட்ரிட்ஜில் இருந்து சாதாரண ஊசியில் உறிஞ்சி எடுக்கிறார்களே, அது கூடவே கூடாது. கிளார்ஜினிலேயே 300 என்று ஒரு வகை உண்டு, ஒரு மில்லியில் 300 யூனிட். அதை ஊசியில் எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, கலங்கலும் தெளிவும். எழுத்துப் படிக்கத் தெரியாத பெரியவர்கள், சர்க்கரையால் கண் பார்வை மங்கியவர்கள், எத்தனையோ வருஷமாக ஒரு அடையாளம் வைத்திருக்கிறார்கள். "வெள்ளையா கலங்கலா இருந்தா அது நின்னு வேலை செய்யறது; தண்ணியா இருந்தா சாப்பாட்டுக்குப் போடறது." நல்ல அடையாளம்தான். நாங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம். கிளார்ஜின் வந்ததும் அந்த அடையாளம் செல்லாமல் போய்விட்டது. இப்போது இரண்டு பாட்டிலும் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். ராத்திரி கிளார்ஜின் என்று நினைத்து, சாப்பாட்டுக்குப் போடுகிற இன்சுலினை 20 யூனிட் போட்டுக்கொண்டு படுத்தால் என்ன ஆகும்? வீட்டில் இளையவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கிளார்ஜின் பாட்டிலில் இரண்டு ரப்பர் பேண்டு சுற்றுங்கள். தடவிப் பார்த்தாலே தெரிய வேண்டும். ஃப்ரிட்ஜில் இரண்டையும் வேறு வேறு தட்டில் வையுங்கள்.

என்.பி.எச். பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக் கலக்கிப் போட்டிருப்பீர்கள். கிளார்ஜினுக்கு அது தேவையில்லை. அது கலங்கலாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம், போடாதீர்கள். அதேபோல் கிளார்ஜினை வேறு எந்த இன்சுலினோடும் ஒரே ஊசியில் கலக்கக் கூடாது. முன்பு இரண்டையும் ஒரே ஊசியில் எடுத்துப் போட்டவர்களுக்கு இப்போது இரண்டு குத்து. அதற்கு வழியில்லை.

இனி யூனிட். ஒருவர் என்.பி.எச். காலையில் 14, ராத்திரி 10 என்று போட்டுக்கொண்டிருந்தார். மொத்தம் 24. கிளார்ஜினுக்கு மாற்றும்போது டாக்டர் 19 என்று எழுதுகிறார். வீட்டுக்குப் போனதும் சந்தேகம் வருகிறது: "அஞ்சு யூனிட்டைக் குறைச்சுட்டாங்களே, மறந்துட்டாங்களோ?" மறக்கவில்லை. இரண்டு வேளை என்.பி.எச்.சிலிருந்து ஒரு வேளை கிளார்ஜினுக்கு மாறும்போது, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து ஆரம்பிப்பதுதான் முறை. முதல் வாரத்தில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. ஒரு வேளை மட்டும் என்.பி.எச். போட்டவருக்குப் பெரும்பாலும் அதே எண் வரும். 300 கிளார்ஜினில் இருந்து 100-க்குத் திரும்பும்போதும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இந்தக் கணக்கைச் சொல்வது நீங்களே மாற்றிக்கொள்வதற்காக இல்லை. எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்துப் பயந்து, நீங்களாகவே கூட்டிப் போட்டுக்கொள்ளாமல் இருப்பதற்காக. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். அவர்களுக்கு டாக்டர் இன்னும் குறைவாகத்தான் ஆரம்பிப்பார்.

30/70 என்று போட்ட கலவை இன்சுலின் போடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். அந்தப் பாட்டிலுக்குள் இரண்டு இன்சுலின் இருக்கிறது: 30 பங்கு சாப்பாட்டுக்கு, 70 பங்கு நின்று வேலை செய்வதற்கு. அதை நிறுத்திவிட்டுக் கிளார்ஜின் மட்டும் எழுதியிருந்தால், சாப்பாட்டுப் பங்கை யார் பார்த்துக்கொள்வது? டாக்டர் அதற்கு மாத்திரை எழுதியிருப்பார், அல்லது சாப்பாட்டு நேரத்துக்குத் தனி ஊசி எழுதியிருப்பார். சீட்டின் அடுத்த வரியில் அது இருக்கும். "ஒரு ஊசிதான்னு சொன்னாங்க" என்று அந்த வரியை விட்டுவிட்டால், காலைச் சர்க்கரை 120-ஆக இருக்கும், மதியம் சாப்பிட்ட பிறகு 320-ஆக இருக்கும். சீட்டில் அப்படி எதுவும் தெரியவில்லை என்றால் கேளுங்கள்: "சாப்பாட்டுக்கு என்ன சார்?"

இப்போது சொல்லப் போவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிற விஷயம். ஒரு ஐயாவுக்குக் காய்ச்சல் வந்து தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் செய்யும்போது கிளார்ஜின் எழுதித் தருகிறார்கள். "பழைய ஊசியை நிறுத்துங்க" என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஐயா வழக்கம் போல நம்மிடம் வந்து மாதாந்திர என்.பி.எச். பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டும் நல்ல மருந்து, இரண்டும் டாக்டர் கொடுத்தது. இரண்டையும் போடுகிறார். மூன்றாம் நாள் விடியற்காலையில் பேச்சு குழறி, யாரையும் அடையாளம் தெரியாமல், 108-ல் வருகிறார். பக்கவாதம் என்றுதான் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். குளுக்கோமீட்டரில் 34. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தார். நல்ல வேளை, பக்கத்தில் படுத்திருந்த பேரன் விழித்துக்கொண்டான்.

ஆகவே வெளியே எங்கே வைத்தியம் பார்த்தாலும், அந்தச் சீட்டை எங்களிடமும் காட்டுங்கள். "வெளியே பார்த்தோம்னு சொன்னா திட்டுவாங்க" என்று மறைக்காதீர்கள். யாரும் திட்ட மாட்டோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை தருகிற சகோதரியிடமும் சொல்லுங்கள், அவர் குறித்துக்கொள்வார். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது பழசுக்குப் பதிலா, பழசோடு சேர்த்தா?" கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரைகள் போடுகிறவர்கள் அதற்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். டைப் 1 நோய் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. புது மருந்து கைக்கு வருகிறவரை பழையதை நிறுத்தாதீர்கள். மாறுகிற இடைவெளியில் ஒரு நாள் இன்சுலின் இல்லாமல் போனாலும் அந்தப் பிள்ளைக்கு உயிராபத்து.

மாறிய முதல் வாரம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ ராத்திரி 3 மணிக்கும் பாருங்கள். கஷ்டம்தான், ஆனால் அந்த ஒரு எண் டாக்டருக்கு நிறையச் சொல்லும். கிளார்ஜின் முழுசாக நிலைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும், டெக்லுடெக்குக்கு இன்னும் ஒரு நாள் கூடும். முதல் நாளே 200 காட்டுகிறது என்று யூனிட்டை ஏற்றினால், நாலாம் நாள் அது வந்து தாக்கும். ஊசி போடும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். சீரியல் முடிந்ததும் என்று வைத்துக்கொண்டாலும் சரி, தினமும் அதே நேரமாக இருந்தால் போதும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. தொடையிலோ வயிற்றிலோ ஊசி போட்டுப் போட்டுக் கட்டி மாதிரித் தடித்திருக்கும் இடம் இருந்தால் புது மருந்தை அங்கே போடாதீர்கள். அங்கே மருந்து சரியாக ஏறாது.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். வோக்லிபோஸ், அக்கார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடியும் குடியுங்கள். சரியாகிவிட்டது என்று அப்படியே படுக்கக் கூடாது. மருந்து இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இரண்டு இட்லியோ நாலு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

விலையைப் பற்றிப் பேசாமல் போனால் இந்தப் பேச்சு பாதிதான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் நீண்ட நேர அனலாக் இன்சுலின்களை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2022-ல் நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் கிளார்ஜின் வந்தது. இந்திய நிறுவனங்களே தயாரிக்கிறார்கள். கிளார்ஜின் 100 என்று போட்டிருந்தால் எந்த நிறுவனத்துடையது என்றாலும் யூனிட் அதேதான். ஆனால் ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் இன்னொரு நிறுவனத்தின் பேனாவில் சரியாகப் பொருந்தாது, அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியும் மாதாமாதம் வாங்க முடியாது என்றால், டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் முறையாக என்.பி.எச்.சுக்கே திருப்பி எழுதித் தருவார். அதற்கு வேறு யூனிட், வேறு வேளை. சம்பளம் வந்த வாரம் கிளார்ஜின், கை வறண்ட வாரம் ஆஸ்பத்திரி பாட்டில், இரண்டுக்கும் அதே 20 யூனிட் என்று ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். இரண்டில் எதையாவது ஒன்றை ஒழுங்காகப் போடுகிறவர் இவர்களைவிட நன்றாக இருக்கிறார்.

வைத்துக்கொள்ளும் முறையில், திறக்காத பாட்டில் ஃப்ரிட்ஜில், ஃப்ரீசருக்குத் தள்ளி இருக்கட்டும். உறைந்துவிட்டால் அது வீண். திறந்த கிளார்ஜினை 28 நாளைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, மிச்சம் இருந்தாலும் கூடாது. திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் ஒரு டப்பாவில் போட்டு நிழலில் வைக்கலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அலமாரியில் வைத்த மருந்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

போன கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "மாத்தினதுக்கு அப்புறம் எப்ப வரணும், எதெல்லாம் எடுத்துட்டு வரணும்?" ஒரு வாரத்தில் வாருங்கள். மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நோட்டு மட்டும் போதாது. போடுகிற பாட்டில், போடுகிற ஊசி, வெளியே எழுதிய சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். ஜன்னலில் கூட்டமாக இருந்தால் ஓரமாக நின்று கூப்பிடுங்கள். நீங்கள் வீட்டில் எப்படி இழுக்கிறீர்களோ அதே மாதிரி அந்த ஊசியில் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். எத்தனை கோட்டில் நிறுத்துகிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.